அலைகளில் சிந்தும் ஆற்றல்: அலைக்கற்றையைப் பகிரும் கருவிகளுக்கு அது போதுமா?

பேருந்தில் ஏறும்போது பயண அட்டையைக் கருவியின்மேல் காட்டுகிறோம். கண்ணிமைக்கும் நேரத்தில் கட்டணம் கழிந்துவிடுகிறது. அந்த அட்டைக்குள் மின்கலம் இல்லை. ஒரு நுண்சில்லும் அதனோடு இணைந்த கம்பிச்சுருளும் மட்டுமே உள்ளன. கருவி 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் எழுப்பும் காந்தப்புலம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த ஆற்றலில் சில்லு விழித்தெழுந்து, கணக்குப் பார்த்து, விடை சொல்லிவிட்டு அடங்கிவிடுகிறது. தன்னிடம் ஆற்றலே இல்லாத ஒரு பொருள், தன்னை வினவும் அலையிடமிருந்தே பேசும் வலிமையைப் பெற்றுக்கொள்கிறது.

இது சில சென்டிமீட்டர் தொலைவில் நடப்பது. சில கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தொலைக்காட்சிக் கோபுரத்திலிருந்தும் கைப்பேசிக் கோபுரத்திலிருந்தும் வரும் அலைகளைக் கொண்டு ஒரு சிறு கருவி வாழ இயலுமா? இயலுமெனில், அது எந்த அலைவரிசையில் பேசும்? எல்லா அலைவரிசைகளும் முன்னமே யாருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கின்றனவே! ஆற்றல் இல்லாமை, அலைவரிசை இல்லாமை என்னும் இவ்விரு வறுமைகளையும் ஒரே முயற்சியால் தீர்க்க எண்ணிய ஆய்வுத் துறையே இவ்வுரையின் பொருள்.

முதலில் அலைவரிசையைப் பார்ப்போம். வானொலி அலைகளின் அதிர்வெண் பரப்பை அலைக்கற்றை என்கிறோம். அரசாங்கங்கள் அதனைத் துண்டு துண்டாகப் பிரித்து, வானொலிக்கு ஒன்று, தொலைக்காட்சிக்கு ஒன்று, வானூர்திகளுக்கு ஒன்று, கைப்பேசி நிறுவனங்களுக்குச் சில என்று உரிமம் வழங்குகின்றன. நிலத்தைப் போலவே இதற்கும் பட்டா உண்டு. ஆனால், பட்டா பெற்ற நிலமெல்லாம் எந்நாளும் உழப்படுவதில்லை. ஓரிடத்தில் ஓர் அலைவரிசை நாள் முழுதும் ஓய்ந்து கிடக்கும். வேறோர் அலைவரிசை நொடிக்கு நொடி நிரம்பியும் வெறுமையாகியும் மாறிக்கொண்டிருக்கும். அளவுமானிகளை வைத்துப் பார்த்தால், தாளில் நிறைந்து வழியும் அலைக்கற்றை வானில் பல இடங்களில் காலியாகக் கிடப்பது தெரியவரும்.

இந்த வெற்றிடங்களைத் தானே கண்டறிந்து, உரிமையாளர் இல்லாத நேரத்தில் பயன்படுத்தி, அவர் வந்ததும் விலகிக்கொள்ளும் கருவி ஒன்றை ஜோசப் மிட்டோலா 1999-இல் முன்மொழிந்தார். அதையே பொருளாகக் கொண்ட அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு, ஸ்டாக்ஹோமிலுள்ள அரச தொழில்நுட்பக் கழகத்தில் 2000-இல் வெளிவந்தது. அக்கருவியைத் தமிழில் ‘அறிதிறன் வானொலி’ எனலாம். வானொலி என்றதும் பாட்டும் செய்தியும் நம் நினைவுக்கு வருகின்றன. இங்கே அச்சொல் அலைகளை அனுப்பவும் வாங்கவும் வல்ல எந்தக் கருவியையும் குறிக்கும். உரிமம் பெற்றவர் முதல்நிலைப் பயனர். இடைவெளியில் நுழைபவர் இரண்டாம் நிலைப் பயனர். முன்னவருக்கு இடையூறு செய்யாதிருப்பதே பின்னவருக்கு விதிக்கப்பட்ட ஒரே நிபந்தனை.

கோட்பாடு விரைவிலேயே சட்டத்தில் ஏறியது. தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கிடையே உள்ள வெற்றிடங்களை உரிமமில்லாக் கருவிகளுக்குத் திறந்துவிட அமெரிக்கக் கூட்டரசுத் தொடர்பு ஆணையம் 2008-இல் முடிவெடுத்தது. சிங்கப்பூரில் அன்றைய தகவல்தொடர்பு மேம்பாட்டு ஆணையம் 2014-இல் இதற்கென விதிமுறைகளை வகுத்தது. இங்குள்ள முறையில், கருவி தான் இருக்குமிடத்தைத் தரவுத்தளம் ஒன்றுக்குத் தெரிவித்து, எந்த அலைவரிசை காலியாக உள்ளது என்று கேட்டறிந்த பிறகே பேச வேண்டும்.

இனி ஆற்றல். இங்கேதான் மிகையான நம்பிக்கைகள் பல உலவுகின்றன. ஆதலால் எண்களோடு பேசுவதே நல்லது.

கம்பியின்றி அலைவழி ஆற்றலை அனுப்ப முடியும் என்பதில் ஐயமில்லை. வில்லியம் பிரௌன் 1964-இலேயே நுண்ணலைக் கற்றையை மேல்நோக்கிச் செலுத்தி, அதன் ஆற்றலில் ஒரு சிறு ஹெலிகாப்டரைப் பறக்கச் செய்து காட்டினார். அலையை வாங்கி நேர்மின்னோட்டமாக மாற்றும் அலைவாங்கிக்கு ‘ரெக்டென்னா’ என்னும் பெயர் அவராலேயே ஏற்பட்டது. ஆனால் அது ஒரே இலக்கை நோக்கி வேண்டுமென்றே அனுப்பப்பட்ட கற்றை. நாம் பேசுவதோ, பிறருக்காகப் பரப்பப்பட்டுக் காற்றில் கலந்து கிடக்கும் அலையைப் பற்றி.

அத்தகைய அலையிலிருந்து எவ்வளவு கிடைக்கும்? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இன்டெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இருவர் ஒரு சோதனையை மேற்கொண்டு 2009-இல் வெளியிட்டனர். 960 கிலோவாட் கதிர்வீச்சுத் திறன் கொண்ட தொலைக்காட்சிக் கோபுரத்திலிருந்து 4.1 கிலோமீட்டர் தொலைவில், கோபுரத்தை நோக்கித் திருப்பி வைத்த அலைவாங்கி மூலம் அவர்கள் பெற்றது 60 மைக்ரோவாட். சிறு திரையுடன் கூடிய வெப்பமானி ஒன்றை மின்கலமின்றி இயக்க அது போதுமானதாயிற்று. அதே 60 மைக்ரோவாட்டைக் கொண்டு 15 வாட்மணி கொள்ளும் கைப்பேசி மின்கலத்தை நிரப்ப நினைத்தால் 2,50,000 மணி நேரம் ஆகும். ஆண்டுக் கணக்கில் 28-க்கும் மேல். காற்றிலிருந்தே கைப்பேசிக்கு மின்னூட்டம் என்று யாரேனும் விளம்பரம் செய்தால், மாணவர்கள் இந்த ஒரு வகுத்தலைச் செய்து பார்த்தாலே போதும்.

நகர வீதிகளில் நிலைமை இதனினும் எளிது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், அந்நகரின் சுரங்க ரயில் நிலையங்களுக்கு வெளியே நின்று அளந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். 1800 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசிக் கோபுர அலைகள் சராசரியாகச் சதுர சென்டிமீட்டருக்கு 84 நானோவாட். மின்னிலக்கத் தொலைக்காட்சி அலைகளோ ஒரு நானோவாட்டைக்கூட எட்டவில்லை. உள்ளங்கையளவு, அதாவது 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் கைப்பேசி அலை முழுவதையும் வாங்கினாலும் 8.4 மைக்ரோவாட்தான்.

அந்த 8.4 மைக்ரோவாட்டும் அப்படியே கைக்கு வராது. அலை என்பது நொடிக்குக் கோடிக்கணக்கான முறை திசைமாறும் மின்னழுத்தம். அதை ஒரு திசைப்படுத்த டையோடு வேண்டும். டையோடு ஒருவழிக் கதவு போன்றது. அக்கதவைத் தள்ளித் திறக்கவே சிறிது விசை தேவைப்படுகிறது. அலை வலுவாக இருந்தால் அவ்விசை ஒரு பொருட்டன்று. அலை நலிந்திருந்தாலோ வந்ததில் பெரும்பகுதி கதவைத் திறப்பதிலேயே கழிந்துவிடும். நலிந்த நிலையில் டையோடு தரும் நேர்மின்திறன், உள்வரும் திறனின் இருமடிக்கு விகிதமாக அமையும். உள்வருவது பாதியானால் வெளிவருவது காலாகிறது. ஏழைக்கு வரி மிகுதி என்பது போன்ற இவ்வியல்பே இத்துறையின் தீராத தலைவலி.

‘ஆற்றல் அறுவடை’ என்னும் சொல்லைப் பற்றி ஒன்று கூற விரும்புகிறேன். பாடநூல்களிலும் இது வேரூன்றிவிட்டது. எனினும், அறுவடை விதைத்தவனுக்கு உரியது. நம் கருவியோ எதையும் விதைக்கவில்லை. பிறர் அறுத்துப்போன வயலில் சிந்திக் கிடக்கும் மணிகளைப் பொறுக்கி உண்பதை நம் முன்னோர் உஞ்சவிருத்தி என்றனர். பொருள் நோக்கின் அதுவே பொருத்தமான பெயர். வழக்கு வென்றுவிட்டமையால் நானும் அறுவடை என்றே சொல்கிறேன். ஆயினும் சிந்திய மணி என்னும் படிமத்தை மனத்தில் வைத்திருப்பது நல்லது. அதனால் ஓர் ஐயமும் தீரும். நாம் அலையை உறிஞ்சினால் அண்டை வீட்டுத் தொலைக்காட்சி மங்கிவிடாதா என மாணவர்கள் கேட்பதுண்டு. கோபுரம் எல்லாத் திசையிலும் இறைத்ததில் பெரும்பகுதி யாருக்கும் பயன்படாமல் சுவரிலும் மண்ணிலும் மரத்திலும் வெப்பமாகி மறைகிறது. நாம் எடுப்பது அதில் ஒரு துளி. அலைவாங்கிக்கு மிக அருகிலன்றி வேறெங்கும் அதன் நிழல் தெரியாது. எனினும் அது இலவசமன்று. அந்த மின்சாரத்துக்கான கட்டணத்தை ஒளிபரப்பாளர் செலுத்திவிட்டார் என்பதே உண்மை.

இப்போது இரண்டையும் சேர்ப்போம். சேர்த்தவுடன் ஒரு முரண் எழுகிறது. முதல்நிலைப் பயனர் பேசும்போது வானில் ஆற்றல் உண்டு. ஆனால் நம் கருவி வாய் திறக்கக் கூடாது. அவர் ஓய்ந்தபின் கருவி பேசலாம். ஆனால் உண்பதற்கு ஒன்றுமில்லை. நம்மைத் தடுக்கும் அலையே நமக்கு உணவு. நமக்கு வழிவிடும் அமைதியே நமக்குப் பட்டினி. சாதாரண அறிதிறன் வானொலிக்கு அலைவரிசை நிரம்பியிருப்பது வெறும் தொல்லை. ஆற்றலையும் பொறுக்கும் வானொலிக்கோ அதுவே உணவு வேளை.

ஓர் எளிய கணக்கால் இதன் விளைவைக் காண்போம். எண்கள் என் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவை. எனினும் இன்றைய சிறு கருவிகளின் இயல்புக்கு ஒவ்வாதவை அல்ல. அலைவரிசை நிரம்பியிருக்கும்போது கருவியின் மின்தேக்கியில் 10 மைக்ரோவாட் வீதம் ஆற்றல் சேர்கிறது எனக் கொள்வோம். விழித்திருக்கும் கடிகாரத்துக்கும் கசிவுக்கும் எந்நேரமும் 2 மைக்ரோவாட் செலவு. ஒரு செய்தி அனுப்ப 20 மில்லிவாட் வீதம் 5 மில்லிநொடி ஆகும். அதாவது 100 மைக்ரோஜூல். அனுப்புமுன் அலைவரிசை காலியா என்று செவிமடுக்க வேண்டும். அதற்கும் ஏறத்தாழ அதே 100 மைக்ரோஜூல். கேட்பது மலிவு, பேசுவதே செலவு என்று பலர் நினைக்கின்றனர். சிறு கருவிகளில் அப்படியில்லை. வாங்கிச் சுற்று விழித்திருப்பதற்கே அனுப்பும் சுற்றுக்கு நிகரான ஆற்றல் வேண்டியிருக்கும்.

அலைவரிசை 20 விழுக்காடு நேரமே நிரம்பியிருந்தால் சராசரி வரவு 2 மைக்ரோவாட். செலவும் 2 மைக்ரோவாட். வழி முழுதும் திறந்திருந்தும் கருவி என்றென்றும் ஊமை. 50 விழுக்காடு நிரம்பியிருந்தால் நிகர வரவு 3 மைக்ரோவாட். இரண்டு முறை செவிமடுத்தால் சராசரியாக ஒரு முறை காலி கிடைக்கும். ஆக ஒரு செய்திக்கு 300 மைக்ரோஜூல். 100 நொடிக்கு ஒரு செய்தி. 80 விழுக்காடு நிரம்பியிருந்தால் நிகர வரவு 6 மைக்ரோவாட்டாக இரட்டிக்கிறது. ஆனால் ஐந்து முறை செவிமடுத்தால்தான் ஒரு முறை வழி கிடைக்கும். செய்தி ஒன்றுக்கு 600 மைக்ரோஜூல். மறுபடியும் அதே 100 நொடி! 95 விழுக்காட்டில் இருபது முறை காது கொடுக்க வேண்டும். உணவு மிகுந்தும் 280 நொடி காத்திருக்க நேரிடும். மிகச் சிறந்த இடம் இடையில், 65 விழுக்காட்டின் அருகே உள்ளது. அங்கே ஏறத்தாழ 86 நொடிக்கொரு செய்தி. உயர்நிலை வகுப்புகளில் இதனை ஒரு சார்பாக எழுதி வரைபடம் வரையச் செய்யலாம். எடுகோள் எண்களை மாற்றினால் உச்சி இடம் மாறும். ஆனால் இரு முனைகளிலும் தாழ்ந்து நடுவில் உயரும் அதன் வடிவம் மாறாது.

காலத்தில் கண்ட இதே முரணை இடத்தில் கண்டது, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் ருய் சாங்கும் அவர்தம் உடனாய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு. ஒவ்வொரு முதல்நிலை அலைபரப்பியையும் சுற்றி அவர்கள் இரு வட்டங்களைக் கற்பனை செய்தனர். உள்வட்டம் அறுவடை வட்டம். அதற்குள் இருக்கும் கருவிக்குப் பயன்படத்தக்க ஆற்றல் கிடைக்கும். வெளிவட்டம் காப்பு வட்டம். அதற்குள் இருக்கும் எக்கருவியும் பேசலாகாது. உண்ணுமிடம் பேசக்கூடாத இடத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகவே கருவி ஓரிடத்தில் உண்டு, நிரம்பிய மின்தேக்கியோடு காப்பு வட்டத்துக்கு வெளியே வந்த பிறகே பேச முடியும். அலைபரப்பிகள் அருகிப்போனால் பட்டினி. மலிந்துபோனால் காப்பு வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டு, பேச இடமே இல்லாமல் போகும்.

நடமாடும் கருவிக்கு இது பொருந்தும். பாலத்தில் பதித்த உணரி எங்கே நடக்கும்? அதற்கு விடை, உண்ணும் அலைவரிசையையும் பேசும் அலைவரிசையையும் பிரித்துவிடுவது. இரவு பகலாக ஓயாது ஒலிக்கும் தொலைக்காட்சி அலைவரிசையில் உண்டு, அப்பகுதியில் காலியாக உள்ள வேறோர் அலைவரிசையில் பேசலாம். புக்கிட் பாத்தோக் ஒளிபரப்புக் கோபுரங்களுக்கு அருகில் வைக்கப்படும் உணரி இவ்வாறு வாழக்கூடும். கோபுரத்திலிருந்து விலக விலக, தொலைவு இருமடங்கானால் ஆற்றல் காலாகி, அதைத் திருத்தும் டையோடோ அதனினும் விரைந்து கைவிரித்துவிடும்.

இன்னொரு வழி இதனினும் நுட்பமானது. பேசுவதற்கு அலையைப் படைக்கவே வேண்டாம் என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினர். கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பித் தொலைவிலுள்ள நண்பனுக்குச் சைகை காட்டும் சிறுவன் விளக்கு ஏற்றுவதில்லை. அதுபோலவே அவர்களுடைய கருவி, தன்மேல் விழும் தொலைக்காட்சி அலையை ஒரு கணம் திருப்பி அனுப்பும், மறு கணம் உள்வாங்கும். திருப்பினால் ஒன்று, உள்வாங்கினால் சுழி. இதனைப் பின்சிதறல் என்பர். இருபது மில்லிவாட் கேட்கும் அனுப்பும் சுற்று இங்கே இல்லை. ஓர் இணைப்பை மாற்றும் செலவு மட்டுமே. மின்கலமில்லாத இரு கருவிகள் நொடிக்கு ஆயிரம் பிட்டு வேகத்தில் பேசிக்கொண்டன. தொலைவு முக்கால் மீட்டர்தான். ஆயினும் நம் முரண் இங்கே தலைகீழாகிறது. முதல்நிலைப் பயனர் பேசும்போதுதான் இக்கருவி பேச முடியும். அவருடைய அலையே அதன் உணவு, அதுவே அதன் குரல்.

இதிலும் சிக்கல் இல்லாமலில்லை. அருகிலேயே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் திரும்பிய அலை அதற்கு இரைச்சலாகலாம். இரண்டாம் நிலைப் பயனரின் கடமை பற்றிய பழைய கேள்வி மீண்டும் எழுகிறது. பட்டினி கிடக்கும் கருவிக்கு நன்னடத்தை கடினம் என்பதே என் பெருங்கவலை. செவிமடுக்க ஆற்றல் போதவில்லையென்றால் கருவி அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் பேசத் தொடங்கும். கட்டடத்தின் மறைவில் இருந்தால் முதல்நிலைப் பயனரின் அலை அதன் காதிலேயே விழாது. இடையே உள்ள மூன்றாமவர் வீட்டில் இரு அலைகளும் மோதும். ஆதலால் செவிமடுக்கும் வேலையை மின்வசதியுள்ள ஒரு நடுநிலையத்திடம் ஒப்படைத்து, உணரிக்குப் ‘பேசு’ என்னும் ஒற்றைக் குறிப்பை மட்டும் தருவதே பொறுப்பான ஏற்பாடு என்பேன். சிங்கப்பூரின் தரவுத்தள முறையும் அந்த நடுநிலையம் வழியாக எளிதில் பொருந்தும்.

வெளிச்சமுள்ள இடத்தில் இத்தனை பாடு தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உச்சி வெயில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிவாட் தருகிறது. லண்டன் வீதியில் அளந்த கைப்பேசி அலையைவிடப் பத்து லட்சம் மடங்கு அதிகம். அலை அறுவடைக்கு உரிய களம் ஒளி புகாத இடமே. சுவருக்குள் ஈரத்தை அளக்கும் உணரி, கான்கிரீட்டில் புதைந்து விரிசலைக் கவனிக்கும் உணரி, மின்கலம் மாற்ற ஆள் செல்ல முடியாத குழாய்ச் சந்து. அங்கெல்லாம் அலை ஓரளவு நலிந்தாவது நுழையும்.

எதிர்காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிந்திய மணியை நம்பி வாழ்பவன், உழவன் சிக்கனக்காரனானால் என்ன செய்வான்? புதிய கைப்பேசிக் கோபுரங்கள் அலையை நாலாபுறமும் இறைப்பதை விடுத்து, பேசுபவரை நோக்கிக் கற்றையாகக் குவிக்கின்றன. ஆளில்லா நேரத்தில் உறங்கவும் செய்கின்றன. தொழில்நுட்பம் சிறக்கச் சிறக்கச் சிந்துவது குறையும். எனவே ஆய்வாளர்களிற் சிலர், பொறுக்குவதை விட்டு, உணரிகளுக்கென்றே ஆற்றல் அலையை வீசும் சிறு நிலையங்களை நாடுகின்றனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 920 மெகாஹெர்ட்ஸ் அருகே பொருள்களை இனங்காணும் சிறு கருவிகளுக்கு 2 வாட் வரை இடமுண்டு. அந்த அளவில் ஒரு நிலையத்தை நிறுவினால், 10 மீட்டர் தொலைவிலுள்ள எளிய அலைவாங்கிக்கு ஏறத்தாழ 36 மைக்ரோவாட் சேரும். சியாட்டிலில் 960 கிலோவாட் கோபுரம் 4 கிலோமீட்டருக்கு அப்பால் தந்ததற்குப் பெரிதும் குறைந்ததன்று. ஆனால் அந்நிலையமும் ஓர் அலைவரிசையில் அமர்ந்துதான் வீச வேண்டும். உணரிகளுக்கு உணவளிக்க அது வீசும் நேரமெல்லாம் அதே வரிசையில் பொருள்களை இனங்காணும் வேறு கருவிகள் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் உணவுக்கு, எவ்வளவு நேரம் பேச்சுக்கு என்பதை யார் வகுப்பது என்னும் கேள்வி ஆய்வுக்கூடத்திலிருந்து இப்போது ஒழுங்குமுறை ஆணையங்களின் மேசைக்கு நகர்கிறது.